பாத்திரத்தின் கண் திறத்தல்

கதை எழுதப் பழகுகிறவர், ஒரு மனிதரைத் தம் பக்கத்துக்குள் அழைத்து வந்து நிறுத்தியதும், அவருடைய உயரத்தையும் உடையையும் இரண்டு வரிகளில் முடித்துவிட்டு, மூன்றாவது வரியில் கண்ணுக்கு வந்து சேர்ந்துவிடுகிறார். நல்லவருக்குக் கருணை ததும்பும் கண்; வஞ்சகனுக்கு நரிப்பார்வை; குடிகாரனுக்குச் சிவந்த விழி; கதாநாயகிக்கு மானையும் மீனையும் நினைவூட்டும் நயனங்கள். இவ்வாறு எழுதுவதற்குச் சோம்பல் மட்டுமே காரணமென்று சொல்லிவிட முடியாது. கண்ணைப் பார்த்தே ஆளை அறிந்துகொள்ளலாம் என்ற நம்பிக்கை நம் ஜனங்களிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பெண் பார்க்கப் போகும் வீட்டிலும், வேலைக்கு ஆள் எடுக்கும் அலுவலகத்திலும், கடன் கேட்டு வந்தவனை எதிரில் உட்காரவைத்துப் பேசும் கடையிலும் அது தினந்தோறும் தொழிற்படுகிறது. அந்த நம்பிக்கையில் உண்மையின் அம்சம் இருக்கிறது என்றே நானும் கருதுகிறேன். கண் மனிதனின் சுபாவத்தைக் காட்டத்தான் செய்கிறது. ஆனால் அதன் நிறமும் வடிவமும் ஒளியும் அந்தக் காரியத்தைச் செய்வதில்லை. எதை முதலில் தேடுகிறது, எதைக் கண்டு விலகுகிறது, யார் முன்னிலையில் தாழ்கிறது, யாரும் கவனிக்காத வேளையில் எங்கே போய்த் தங்குகிறது என்னும் அதன் நடத்தையே காட்டுகிறது. ஜொகூர் மாநிலத்தின் தோட்டங்களையும் தாமான்களையும் தொழிற்பேட்டைகளையும் களமாகக் கொண்டு எழுத விரும்பும் ஒருவருக்கு இந்தப் பேதம் ஏன் பிராணனுக்குச் சமமானது என்பதை இந்த அத்தியாயத்தில் விவரிக்கிறேன்.

திருவள்ளுவர் 'குறிப்பறிதல்' என்னும் ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரங்களை வைத்திருக்கிறார். பொருட்பாலில் வருவது 71ஆம் அதிகாரம்; காமத்துப்பாலில் வருவது 110ஆம் அதிகாரம். முன்னதில் அரசனின் உள்ளத்தை அவனை அண்டியிருப்பவன் படிக்கிறான். பின்னதில் பெண்ணின் உள்ளத்தை அவளை விரும்புகிறவன் படிக்கிறான். இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்து வாசித்துப் பார்க்கிற கதாசிரியருக்கு ஒரு விஷயம் தெளிவாகப் புலப்படும்: மை தீட்டிய கண் என்பதற்கு மேல் கண்ணைப் பற்றிய அழகு வர்ணனை அங்கே ஏறத்தாழ இல்லை. தலைவன் பார்க்கும்போது தலைவி நிலத்தைப் பார்க்கிறாள். அவன் பாராதபோது அவனைப் பார்த்து மெல்ல நகைக்கிறாள். கண் எங்கே போயிற்று, எப்போது போயிற்று என்ற இரண்டு செய்திகளைக் கொண்டே ஒரு பெண்ணின் நாணமும் ஆசையும் குறும்பும் நம் முன் பிரத்தியட்சமாகிவிடுகின்றன. அது மட்டுமா? அவன் பாராத வேளையில் அவள் பார்த்தாள் என்பது அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று ஒரு கணம் யோசித்தால், அவனும் பாராதவன்போல் இருந்துகொண்டு பார்த்திருக்கிறான் என்பது விளங்கி, அவளைப் பற்றிச் சொல்ல வந்தவனின் அந்தரங்கமும் கூடவே வெளிப்பட்டுவிடுகிறது. ஒன்றே முக்கால் அடியில் இரண்டு பாத்திரங்கள் பிறந்துவிடுகின்றன. எழுதக் கற்பவர் இதைவிடச் சிறந்த பாடத்தை வேறெங்கும் தேடிப் போக வேண்டியதில்லை. தொல்காப்பியரும் மெய்ப்பாட்டியலை முடிக்கும்போது, கண்ணாலும் செவியாலும் நுட்பமாக உணரவல்லவர்க்கே மெய்ப்பாடு பிடிபடும் என்ற கருத்தைச் சொல்லித்தான் முடிக்கிறார். அழகாக எழுதுவதற்கு முன்னால் உன்னிப்பாகப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அதில் அடங்கியிருக்கிறது.

நம் முன்னோர் அனுபவத்தால் கண்டதற்கு இக்கால விஞ்ஞானமும் அனுகூலமாகவே பேசுகிறது. ஜப்பானிய ஆய்வாளர்களான கோபயாஷியும் கோஷிமாவும் 1997இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மனிதக் கண்ணின் வெள்ளைப் பகுதி மற்றக் குரங்கினங்களின் கண்ணில் தெரிவதைவிட மிக அதிகமாக வெளியே தெரியும்படி அமைந்திருப்பதை எடுத்துக்காட்டினார்கள். வெண்மைக்கு நடுவே கருவிழி நகர்வதால், நாம் எங்கே பார்க்கிறோம் என்பதை எதிரில் இருப்பவர் தூரத்திலிருந்தே அறிந்துகொள்ள முடிகிறது. மனிதக் கண்ணின் அமைப்பே அது எந்தத் திக்கில் போகிறது என்பதை ஊராருக்கு அறிவிக்கிறது என்றால், எழுத்தாளர் அந்தத் திக்கை விட்டுவிட்டு ஒளியையும் நிறத்தையும் வர்ணித்துக்கொண்டிருப்பது, கையில் கிடைத்த சாட்சியைப் பேசவிடாமல் அதன் சட்டையைப் புகழ்வதாகவே முடியும்.

இனி, இதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்கும் பழைய தவறொன்றைச் சொல்ல வேண்டும். அங்க அடையாளங்களைக் கொண்டு குணத்தைக் கணிக்கும் சாமுத்திரிகா லட்சணம் நம்மிடம் உண்டு. ஐரோப்பாவில் லாவாட்டர் என்ற சுவிட்சர்லாந்து நாட்டுப் பாதிரியார் 1775ஆம் ஆண்டு தொடங்கி வெளியிட்ட முகக்குறிப்பு நூல்கள் அடுத்த நூற்றாண்டு நாவலாசிரியர்கள் பலரை ஆட்கொண்டன; 1876இல் லொம்ப்ரோசோ என்ற இத்தாலிய மருத்துவர் பிறவிக் குற்றவாளியை அவனுடைய முக அமைப்பாலேயே அடையாளம் காணலாம் என்று நூல் எழுதி, அந்த எண்ணத்துக்குச் சாஸ்திர வேஷம் கட்டினார். பின்வந்த ஆராய்ச்சி அந்த வேஷத்தைக் கலைத்துவிட்டது. இருந்தும் அதன் நிழல் கதைகளில் இன்னும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. பொய் சொல்லுகிறவன் கண்ணைப் பார்த்துப் பேசமாட்டான் என்ற நம்பிக்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் விசாரித்தபோது, பொய்யனின் அடையாளமாக ஜனங்கள் முதலில் சொன்னது அதைத்தான். ஆனால் பாண்ட், டிபாலோ என்னும் இரு அமெரிக்க உளவியலாளர்கள் இருநூறுக்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியிட்ட கணக்கின்படி, மெய்யையும் பொய்யையும் பிரித்தறிவதில் மனிதர்கள் நூற்றுக்குச் சராசரி 54 முறைதான் சரியாக இருக்கிறார்கள். காசைச் சுண்டிப் பார்த்துச் சொல்லுகிறவனும் ஏறத்தாழ அவ்வளவு சரியாகச் சொல்லிவிடுவான்.

ஜொகூரைப் பற்றி எழுதுகிறவர் இந்த இடத்தில் இன்னும் அதிக எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். விடியுமுன் பெரட்டுக்கு வரிசையில் நின்று, கங்காணியின் குரலுக்கும் கிராணியின் பேரேட்டுக்கும் வெள்ளைக்காரத் துரையின் மோட்டார் வண்டிக்கும் தலை தாழ்த்திப் பழகிய தலைமுறைகளின் பேரப்பிள்ளைகள் நாம். மூத்தவர் பேசும்போது நிமிர்ந்து கண்ணோடு கண் பார்ப்பது நம் வீடுகளில் மரியாதைக் குறைவு. அடுத்த வீட்டு மலாய்க் குடும்பத்திலும் பெரியவர் முன் சற்றே குனிந்து நடப்பதுதான் பண்பு. 1942 ஜனவரியில் மூவாரிலும் பத்து பகாட்டிலும் போர் நடந்து, மாதக் கடைசியில் பிரிட்டிஷ் படை பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குப் பின்வாங்கிய பிறகு, ஜப்பானியச் சிப்பாய் காவல் நிற்கும் இடத்தைத் தாண்டுகிறவன் குனிந்து வணங்கிவிட்டே போக வேண்டியிருந்தது. அந்த ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாமுக்குக் கொண்டுபோகப்பட்டு, 415 கிலோமீட்டர் ரயில்பாதையில் மடிந்தவர்போக மீண்டு வந்தவர்களின் கதையை ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் நாவல்களாக எழுதியிருக்கிறார்கள். அவ்வாறு திரும்பி வந்த ஒரு தாத்தாவை நீங்கள் பாத்திரமாக்கினால், சீருடை அணிந்த தபால்காரர் வாசலில் நிற்கும்போதுகூட அவர் பார்வை தரைக்குப் போய்விடலாம். வெளியூர் வழிகாட்டி நூலைப் படித்துவிட்டு எழுதுகிற ஒருவர் அதைக் கள்ளத்தனம் என்று எழுதிவிடுவார். அந்தக் கண் காட்டுவது ஒரு சரித்திரத்தை. அதைப் படிக்கத் தெரிவதே இங்கே எழுத்தாளரின் தகுதி.

சிவந்த கண்ணைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஏனென்றால் நம் கதைகளில் மிக அதிகமான அநியாயம் அதற்குத்தான் இழைக்கப்பட்டிருக்கிறது. கண் சிவந்த ஆண் கள்ளுக்கடையிலிருந்து வருகிறான்; கண் சிவந்த பெண் அழுதிருக்கிறாள் அல்லது கோபக்காரி என்று இரண்டே அர்த்தங்களை நாம் வைத்துக்கொண்டிருக்கிறோம். ஜொகூரில் கண் சிவப்பதற்கு எத்தனை காரணங்கள் உண்டென்று விசாரித்துப் பாருங்கள். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டோடு பால்மரம் வெட்டப் போனவர்களுக்குச் சிவக்கும். பாலை உறையவைக்கும் பார்மிக் அமிலத்தின் நெடியிலும், ரப்பர்த் தகடுகளைக் காயவைக்கும் புகைக்கூடத்திலும் வேலை செய்தவர்களுக்குச் சிவக்கும். முதுகில் தோம்பைச் சுமந்து செம்பனைக் காட்டில் களைக்கொல்லி தெளித்த பெண்களுக்குச் சிவந்தது. அவர்கள் தெளித்தவற்றுள் ஒன்றான பாராகுவாட்டை அரசாங்கம் முற்றாகத் தடைசெய்தது 2020இல்தான். பாசீர் கூடாங் தொழிற்சாலைகளில் இரவு நேர வேலை முடித்துக் காலையில் பேருந்து ஏறுகிற பெண்ணுக்கும், விடியற்காலை நான்கு மணிக்கே மோட்டார் சைக்கிளைக் கிளப்பி, 1924இல் திறக்கப்பட்ட ஒரு கிலோமீட்டர் பாலத்தில் ஊர்ந்து சிங்கப்பூர் வேலைக்குப் போய், இரவு ஒன்பதுக்கு மேல் ஸ்கூடாய் வீட்டுக்குத் திரும்புகிற இளைஞனுக்கும் கண் சிவந்துதான் இருக்கும். 2013 ஜூன் மாதத்தில் புகைமூட்டம் கவிந்து, காற்றின் மாசுக் குறியீடு மூவாரில் 700ஐத் தாண்டி, மூவார், லேடாங் மாவட்டங்களில் அவசரநிலை பிரகடனம் செய்யப்பட்ட நாட்களில், அந்த ஊரில் சிவக்காத கண் எது? நல்லவர், கெட்டவர், ஆசிரியர், மாணவர், ஆலய அர்ச்சகர் எல்லோருக்கும் ஒரே சிவப்பு.

சிலப்பதிகாரத்தின் இந்திரவிழாப் பகுதி முடியுமிடத்தில் இளங்கோவடிகள் கண்ணகியின் கரிய கண்ணையும் மாதவியின் சிவந்த கண்ணையும் ஒரே மூச்சில் சொல்லுகிறார். இரண்டும் உள்ளத்தில் உள்ளதை மறைத்து நீர் உகுக்கின்றன. ஒருத்திக்கு இடக்கண் துடிக்கிறது, மற்றவளுக்கு வலக்கண். கருமை கற்புக்கு, சிவப்பு பரத்தைமைக்கு என்று அவர் பங்கு பிரிக்கவில்லை. மாதவியின் மீது கதை எவ்வளவு பாரத்தைச் சுமத்தப் போகிறது என்று அறிந்திருந்தும், அவளுடைய சிவந்த கண்ணுக்கும் மறைத்துவைக்க ஒரு துக்கத்தைக் கொடுத்த அந்த நியாய உணர்வை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். நம் தோட்டத்துக் கதைகளில் வரும் சிவந்த கண்களுக்கும் அந்த நியாயம் கிடைக்க வேண்டும்.

இதே வரிசையில் இன்னும் இரண்டு வழக்கங்களை அறவே விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். சீனர் ஒருவர் கதைக்குள் வந்தவுடன் அவருடைய கண்ணின் அளவைச் சொல்லிவிட்டு நகர்வது ஒன்று. முப்பது வருஷமாக அவர் கடையில் கடனுக்கு அரிசி வாங்கிய குடும்பத்தைப் பற்றி எழுதுகிறவர், கணக்குப் புத்தகத்தைப் புரட்டும்போது எந்தப் பக்கத்தை அந்தக் கடைக்காரர் வேண்டுமென்றே தாண்டிப் போனார் என்று பார்த்திருந்தால், ஓர் இனத்தின் அடையாளம் நிற்குமிடத்தில் ஒரு மனிதர் நின்றிருப்பார். மற்றொன்று கொள்ளிக்கண். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று பூசணிக்காய் உடைக்கும் ஜனங்களிடையே, பிள்ளையில்லாத ஒருத்திக்கோ கணவனை இழந்த ஒருத்திக்கோ அந்தப் பட்டம் எளிதில் விழுந்துவிடுகிறது. லயத்து ஜனங்கள் அப்படி நம்புவதை நீங்கள் எழுதலாம், எழுதவும் வேண்டும். கதையைச் சொல்லும் குரல் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டு அவளைத் தூற்றலாகாது.

இவ்வளவும் விலக்க வேண்டியவை. எழுத வேண்டிய முறைக்கு வருவோம்.

ரப்பர்த் தோட்டத்தில் பால் நிறுக்கும் கொட்டகை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். பழக்கமில்லாத கையிலிருந்து வரும் வாக்கியம் இப்படி இருக்கும்: 'கிராணியின் கண்களில் வஞ்சகம் குடிகொண்டிருந்தது, அஞ்சலையின் கண்களிலோ கள்ளமற்ற வெகுளித்தனம் பளிச்சிட்டது.' வாசகர் இதை ஏற்றுக்கொள்வதானால் ஆசிரியரின் வார்த்தையை நம்பி ஏற்றுக்கொள்ள வேண்டுமே தவிர, அவராகக் கண்டுகொள்ள அங்கே ஏதுமில்லை. அதே காட்சியை வேறு விதமாக எழுதிப் பார்க்கிறேன்.

அஞ்சலை வாளியைத் தூக்கி நிறுவையில் வைத்தாள். கிராணி முள்ளைப் பார்த்தார். பிறகு, அவளுக்குப் பின்னால் வரிசையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்த்தார். அதன் பிறகே பென்சிலை எடுத்தார். அஞ்சலை முள்ளைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையும் பார்க்கவில்லை. பென்சில் நுனி தாளில் ஊன்றிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஒரு சுழி சுழித்து நின்றது.

"ஐயா, நேத்து இதே வாளிக்கு ரெண்டு சுழி போட்டீங்க."

கிராணியின் பார்வை முள்ளுக்குத் திரும்பவில்லை. மறுபடியும் வரிசைக்குத்தான் போயிற்று.

"நேத்து மழை இல்லம்மா," என்றார்.

இந்தச் சிறு பகுதியில் கண்ணின் நிறமோ ஒளியோ சொல்லப்படவில்லை. ஆயினும் அஞ்சலையைப் பற்றி நமக்கு என்னென்ன தெரிந்துவிட்டன என்று எண்ணிப் பாருங்கள். அவளுக்கு எழுத்து தெரியாது. ஆறுக்கு ஒரு சுழி, எட்டுக்கு இரண்டு சுழி என்று இலக்கத்தின் உருவத்தை மனத்தில் பதித்து வைத்திருக்கிறாள். முள்ளால் தனக்கு நியாயம் கிடைக்காது, பென்சிலால்தான் கிடைக்கும் என்பதை வெகுநாளைய அனுபவத்தால் கற்றிருக்கிறாள். நிமிர்ந்து முகத்தைப் பாராமலே கேட்க வேண்டியதைக் கேட்டுவிடும் திடம் அவளிடம் இருக்கிறது. கிராணியைப் பற்றியோ, நாம் தீர்ப்புச் சொல்ல முடியாத நிலையில் நிற்கிறோம். அவர் வரிசையைப் பார்த்தது சாட்சிகளை எண்ணுவதற்காகவும் இருக்கலாம். இன்னும் இத்தனை வாளிகள் நிறுத்தாக வேண்டுமே என்ற அலுப்பினாலும் இருக்கலாம். மழைநீர் கலந்த பாலில் ரப்பர்ச் சத்து குறையும் என்பதும் மெய்தான். கதை பத்துப் பக்கம் நகர்ந்த பிறகு எந்த அர்த்தம் உறுதிப்பட்டாலும், திரும்பி வந்து பார்க்கும் வாசகருக்கு அந்தப் பார்வை பொருந்தியே நிற்கும். நல்ல கதையில் கண் பேசும் பேச்சுக்கு இந்த இயல்பு அவசியம் இருக்க வேண்டும்: முதல் வாசிப்பில் அது ஒரு சந்தேகத்தை எழுப்பினால் போதும்.

அடுத்தபடியாக, கண்ணைப் படிப்பவர் யார் என்ற கேள்வி. கதையில் ஒருவர் கண்ணில் கோபம் தெரிந்தது என்று எழுதினால், அது யாருக்குத் தெரிந்தது என்பதையும் நீங்கள் நிச்சயித்திருக்க வேண்டும். புதிதாக வந்த மருமகள் மாமியார் முன் தலை தாழ்த்தி நிற்பதை மாமியார் கர்வம் என்று படிக்கலாம். கொழுந்தன் பயம் என்று படிக்கலாம். வாசலில் விளையாடும் பிள்ளை, அண்ணி தரையில் ஊரும் எறும்பைப் பார்க்கிறாள் என்று படிக்கலாம். மூன்று வாசிப்புகளும் படிக்கிறவர்களின் சுபாவத்தையே முதலில் காட்டுகின்றன. கு. அழகிரிசாமிக்குக் காலமான பிறகு 1970ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமிப் பரிசு கிடைத்த தொகுதிக்குப் பெயர் கொடுத்த 'அன்பளிப்பு' என்ற சிறுகதையை இந்த நோக்கத்தோடு ஒரு முறை படிக்கும்படி சொல்வேன். குழந்தைகளை மிகவும் நேசிக்கும் ஒருவர், தம்மிடம் அன்பளிப்பை எதிர்பார்த்த ஒரு சிறுவனின் உள்ளத்தை மட்டும் அறியாமல் இருந்துவிடுகிறார். கடைசியில் அந்தப் பிள்ளை தானே டைரி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, அன்பளிப்பு என்று எழுதித் தரும்படி அவரிடமே நீட்டுகிறான். கதை முழுவதும் அவன் கண்ணெதிரே இருந்தான். பார்க்கத் தெரிந்தவர் என்று தம்மை நம்பியிருந்தவர் பாராமல் விட்டதுதான் அந்தக் கதையின் வேதனை. அழகிரிசாமி 1952 முதல் 1957 வரை கோலாலம்பூரில் 'தமிழ் நேசன்' பத்திரிகையில் பணியாற்றி இந்நாட்டு எழுத்தாளர்களோடு பழகியவர்; அவருக்குச் சற்று முன்னர், 1950இல், சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அதே பத்திரிகையில் 'கதை வகுப்பு' நடத்தியிருந்தார்கள். மலாயாத் தமிழர் கதை எழுதுவதை ஒரு கலையாகக் கருதிப் பயின்ற அந்த உற்சாகத்தின் வாரிசுகள் நாம் என்ற நினைவு, எழுத உட்காரும்போது நமக்கு ஓர் ஊக்கமாக இருக்க வேண்டும்.

பார்வையின் வகைகளைப் பழகிக்கொள்ள விரும்புகிறவருக்கு நாட்டிய சாஸ்திரம் ஒரு பொக்கிஷம். பரதர் 36 திருஷ்டிகளைச் சொல்லுகிறார். அபிநய தர்ப்பணம் எட்டாகச் சுருக்கித் தருகிறது. நேர்ப்பார்வை, சுற்றிப் பார்த்தல், கடைக்கண், இருபுறமும் மாறிமாறிப் பார்த்தல், பாதி மூடிய பார்வை, மேல்நோக்கு, மேலும் கீழும் விரைந்து பார்த்தல், கீழ்நோக்கு என்ற அந்த எட்டையும் நடன ஆசிரியர் ஒருவரிடம் அமர்ந்து ஒரு மாலைப்பொழுது பார்த்துவிட்டு வந்தால், மனிதர்களின் கண் அசைவுகளைப் பிரித்தறியும் சக்தி வெகுவாகக் கூடிவிடும். மேடையில் கடைசி வரிசை ரசிகருக்கும் தெரியும்படி பெரிதாக்கப்பட்டவை அவை என்பதால், காகிதத்துக்கு அப்படியே இறக்கினால் நாடகத்தனமாகிவிடும், பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கண்ணை எந்த இடத்தில் வைப்பது? ஆலயத்தில் பிரதிஷ்டைக்குரிய விக்கிரகத்தைச் செய்யும் சிற்பி, மற்ற அங்கங்களையெல்லாம் முடித்து, நல்ல நேரம் பார்த்து, கண்ணைக் கடைசியில்தான் திறக்கிறார். நயனோன்மீலனம் என்னும் அந்தக் கிரியைக்குள்ள கிரமத்தையே கதையிலும் பின்பற்றச் சொல்லுகிறேன். பாத்திரம் அறிமுகமாகும் பத்தியில் கண்ணைச் சொல்லாதீர்கள். அவருடைய கை என்ன வேலை செய்து பழகியது, நடை எப்படி, குரல் யாரிடம் உயர்ந்து யாரிடம் தாழ்கிறது என்பவற்றை முதலில் வாசகர் அறியட்டும். ஒரு நெருக்கடி வந்து, ஒரு தெரிவு அவர் முன்னால் நின்று, அவர் இன்னும் வாய் திறக்காத அந்த க்ஷணத்தில் கண் எங்கே போயிற்று என்று சொல்லுங்கள். அதுவரை கண்ணைச் சொல்லாதிருந்ததன் பலன் முழுவதும் அந்த ஒரு வரியில் வந்து சேரும்.

சில சமயம் கண்ணைச் சொல்லாமலே விட்டுவிடுவது இன்னும் உத்தமம். தமிழில் கண்ணைப் பற்றிய மகத்தான கதை கண்ணப்பருடையது என்பதில் யாருக்கும் ஆட்சேபம் இராது. இறைவனின் ஒரு கண்ணில் வழிந்த உதிரத்தைத் தம் கண்ணை அப்பி நிறுத்தியவர், மற்றக் கண்ணிலும் உதிரம் வழியக் கண்டதும், தம் இரண்டாவது கண்ணையும் எடுத்துவிட்டால் இடம் தெரியாமல் போகுமே என்று எண்ணித் தம் காலை எடுத்து அந்தக் கண்ணின்மேல் அடையாளமாக ஊன்றிக்கொள்கிறார். பக்தியின் எல்லையையும், ஆசாரம் அறியாத வேடனின் வெள்ளை உள்ளத்தையும், அந்த நேரத்திலும் காரியத்தைச் சரியாக முடிக்க வேண்டுமென்ற வேட்டைக்காரனின் யுக்தியையும் ஒருசேரக் காட்டுவது அந்தக் கால்தான். கண்ணைக் குறித்து எழுதும்போது பக்கத்தில் எந்த உறுப்பு சும்மா இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். பல வேளைகளில் உண்மையைச் சொல்ல அதுவே தகுந்ததாக இருக்கும்.

பயிற்சிக்கு இடம் தேடி அலைய வேண்டாம். ஜொகூர் பாரு லார்க்கின் பேருந்து நிலையத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, வழியனுப்ப வந்தவர்களில் பேருந்து புறப்பட்ட பிறகும் யாருடைய பார்வை எதன்மேல் நின்றது என்பதை மட்டும் எழுதுங்கள்; முகத்தில் உணர்ச்சியைக் குறிக்கும் ஒரு சொல்லும் வரக்கூடாது. குளுவாங் ரயில் நிலையத்தில் 1938 முதல் பெயர்பெற்று விளங்கும் காப்பிக்கடைக்குப் போனால், ஒரே மேசையில் அமர்ந்த தகப்பனும் மகனும் பேசிக்கொள்ளாமல் எதை எதைப் பார்க்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். சுவரும் விதானமும் கண்ணாடித் துண்டுகளால் இழைக்கப்பட்ட ராஜகாளியம்மன் ஆலயத்தில், அம்மனை நோக்கிக் கைகூப்பி நிற்கிறவர்களின் பார்வை எத்தனை முறை தம் சொந்தப் பிம்பத்துக்கு நழுவுகிறது என்பதைப் பரிகாசமின்றிக் கவனித்து எழுதுங்கள்; பக்தியும் சுயப்பிரக்ஞையும் ஒரே மனத்தில் வாசம் செய்வதைக் காட்ட அதைவிட வசதியான இடம் இந்த மாநிலத்தில் இல்லை. அங்கே புகைப்படம் எடுக்க வேண்டாம். எடுத்தால் பார்த்ததை மறந்துவிடுவீர்கள். இக்காலத்துக்கே உரிய ஒரு பயிற்சியும் உண்டு. சிங்கப்பூரில் தங்கி வேலை செய்யும் தந்தை கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசும்போது, திரையில் தெரியும் மகளின் கண்ணை அவர் பார்த்தால், அவள் திரையில் அவருடைய பார்வை சற்றே கீழே விழும்; அவளுக்கு நேராகத் தெரிய வேண்டுமானால் அவர் அவளைப் பாராமல் கருவியின் சிறு துளையைப் பார்க்க வேண்டும். கண்ணோடு கண் சந்திக்கவே வழியில்லாத அந்த உரையாடலை, இரண்டு பக்கங்களுக்கு மிகாமல், தந்தையின் நிலையிலிருந்து ஒரு முறையும் மகளின் நிலையிலிருந்து ஒரு முறையும் எழுதிப் பாருங்கள்.

கதை முடிந்ததும், கண், விழி, பார்வை, நோக்கு என்ற சொற்கள் வருமிடங்களையெல்லாம் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். ஒவ்வொரு வட்டத்திலும் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும்: இந்தக் கண் ஒரு பொருளையோ மனிதரையோ நோக்கிப் போகிறதா, அல்லது வெறுமனே ஏதோ ஒரு குணத்தைச் சுமந்துகொண்டு நிற்கிறதா? இதைக் காண்பவர் கதைக்குள் யார்? முதல் கேள்விக்கு விடையில்லாத வாக்கியத்தை அடித்துவிட்டு, அது இல்லாமல் அந்தப் பத்தியை உரக்கப் படியுங்கள். பொருள் குறையவில்லையென்றால் அப்படியே விடலாம். குறைந்தால், அந்த மனிதர் அந்த நேரத்தில் எதைப் பார்த்திருப்பார் என்று உங்களுக்கே இன்னும் தெரியவில்லை என்று பொருள். பேனாவை வைத்துவிட்டு, தெரியும்வரை அவரோடு இருங்கள். இரண்டாம் கேள்விக்கு விடையில்லாத வாக்கியங்களை அடிக்க வேண்டியதில்லை. யாராவது ஒரு பாத்திரத்தின் வசம் அதை ஒப்படைத்து, அவர் தவறாகவும் படித்திருக்கலாம் என்பதற்கு இடம் வைத்து, திருத்தி எழுதுங்கள்.